கொலைக்கு ஏற்ற கடற்கரை

1922இல் வெளிவந்த ‘தி என்சான்டட் ஏப்ரல்’ நாவல் ஒரு பத்திரிகை விளம்பரத்தில் தொடங்குகிறது. இத்தாலியக் கடலோரத்தில் ஒரு சின்னப் பழங்கோட்டை, ஏப்ரல் மாதத்துக்கு மட்டும் வாடகைக்கு. லண்டனில் அப்போது பிப்ரவரி மழை. சிக்கனத்தை வேதமாகக் கொண்ட வக்கீல் கணவரோடு குடித்தனம் நடத்தும் திருமதி வில்கின்ஸ் அந்த விளம்பரத்தைப் படிக்கிறாள். துணிமணிக்கென்று கொடுத்ததில் மிச்சம் பிடித்து ஒளித்து வைத்திருந்த பணம் நினைவுக்கு வருகிறது. வாடகை 60 பவுண்டு. ஒருத்தி கொடுத்து மாளாது. முகம் மட்டும் தெரிந்த ஒருத்தி, முகமே தெரியாத இருவர் என்று மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு செலவை நாலு பங்காக்குகிறாள்.

இதை எழுதிய எலிசபெத் வான் ஆர்னிம், போர்ட்டோஃபினோவில் குன்றின் மேல் நிற்கும் காஸ்டெல்லோ பிரவுன் என்ற கோட்டையில் தங்கியிருந்தவர். கதையில் களவு இல்லை, கொலை இல்லை, பெரிதாக ஒன்றுமே நடப்பதில்லை. இருட்டில் மழையோடு வந்து இறங்கிய திருமதி வில்கின்ஸ் காலையில் ஜன்னலைத் திறக்கிறாள். கீழே வெயில் விழுந்த கடல் கிடக்கிறது. அவ்வளவுதான். போர் முடிந்து நாலு வருஷம் ஆகியிருந்த இங்கிலாந்தில் அந்த ஒரு ஜன்னல் போதுமானதாக இருந்தது. புத்தகம் நன்றாக விற்றது.

அதே போர்ட்டோஃபினோவில் 2023 ஏப்ரலில் நகராட்சி ஒரு புதிய ஏற்பாடு செய்தது. துறைமுகத்தை ஒட்டி, படம் எடுக்க வாகான இடங்களைச் சிவப்பு மண்டலங்களாக அறிவித்தார்கள். காலை 10.30 முதல் மாலை 6 வரை அங்கே நடந்து போகலாம், நிற்கக் கூடாது. செல்ஃபிக்காக நின்று வழியை மறித்தால் 275 யூரோ வரை அபராதம். கோட்டைக்கு இப்போது நுழைவுச்சீட்டு உண்டு; கல்யாணத்துக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். 60 பவுண்டில் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போன ஊரில் இன்று சும்மா நிற்பதற்கே விலை வந்துவிட்டது.

மத்தியதரைக் கடற்கரையில் நடக்கும் காதல் கதைகளும் துப்பறியும் கதைகளும் நூறு வருஷங்களில் எப்படி மாறின என்று கேட்டால், இந்த இரண்டு ஏப்ரல்களையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். அன்று அந்தக் கரை வாசகருக்கு எட்டாத தொலைவில் இருந்தது. அதைக் கண்முன் கொண்டு வருவது எழுத்தாளரின் வேலை. இன்று மலிவு விமானத்தில் ஏறினால் மூன்று மணி நேரத்தில் லண்டன்வாசி அங்கே இருப்பார், அவரோடு சேர்ந்து ஊர் உலகமே இருக்கும். ஆகவே இன்றைய எழுத்தாளரின் வேலை, கூட்டத்தை எப்படியாவது துரத்திவிட்டு நாயகியைக் கடலோடு தனியே விடுவது. நாவலில் வரும் மற்ற ஏற்பாடுகளெல்லாம் இந்த ஒரு தேவையிலிருந்துதான் பிறக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் எட்டாத தொலைவு என்பதற்கு முதல் பொருள் பணம். கலேயிலிருந்து பிரெஞ்சு ரிவியேராவுக்குப் போன ‘புளூ டிரெயின்’ நீலப் பெட்டிகளோடு ஓடத் தொடங்கியதும் 1922இல்தான். முழுக்க முதல் வகுப்புக்காரர்களுக்கான ரயில். அகதா கிறிஸ்டி 1928இல் ‘தி மிஸ்டரி ஆஃப் தி புளூ டிரெயின்’ எழுதினார். அதில் வரும் கேத்தரின் கிரே, ஒரு கிழவிக்குச் சம்பளத்துக்குத் துணையிருந்தவள். கிழவி சொத்தை எழுதிவைத்துவிட்டுச் செத்துப் போனதால்தான் அவளால் அந்த ரயிலில் ஏற முடிகிறது. வாசகிக்கும் அதுதான் வழி: யாராவது செத்துச் சொத்து வர வேண்டும், இல்லையென்றால் புத்தகம் வாங்க வேண்டும். தான் எழுதியதிலேயே கிறிஸ்டிக்குப் பிடிக்காத நாவல் இது என்பது வேறு விஷயம். சொந்த வாழ்க்கை சிதறிக் கிடந்த மாதங்களில், எழுதியே தீர வேண்டும் என்பதற்காக எழுதியது.

இரண்டாவது போருக்குப் பிறகு, கையில் பணம் இருந்தவர்களுக்கும் வழி அடைபட்டது. பிரிட்டிஷ் அரசு அந்நியச் செலாவணிக்குக் கடிவாளம் போட்டது. வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு ஒருவர் இவ்வளவுதான் எடுத்துப் போகலாம் என்ற வரம்பு, 1952இல் 25 பவுண்டு வரை இறங்கியது. பிறகு தளர்ந்து, 1966இல் மறுபடியும் 50 பவுண்டுக்கு இறுகியது. கட்டுப்பாடு முழுதாக நீங்க 1979 ஆயிற்று. உள்ளூரிலோ 1954 வரை உணவுப் பங்கீடு. ஆலிவ் எண்ணெயை மருந்துக் கடையில் சின்னப் புட்டியில் விற்றார்கள், காதில் விடுவதற்கு. 1950களில் வந்த நாவல்களில் நாயகி தக்காளியும் எண்ணெயும் பூண்டும் போட்ட சாப்பாட்டை அரைப் பக்கத்துக்குச் சாப்பிடுவாள். இப்போது படிப்பவர்கள் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகலாம். அன்று அதுதான் புத்தகத்திலேயே சூடான பக்கமாக இருந்திருக்கும்.

இந்தப் பசிக்குச் சரியாகப் பரிமாறியவர் மேரி ஸ்டூவர்ட். 1916இல் பிறந்து 2014இல் மறைந்தவர். டர்ஹம் பல்கலைக்கழகத்தில் ஆங்கில ஆசிரியை. கணவர் நிலவியல் பேராசிரியர். புரோவான்ஸில் ஒன்று, டெல்ஃபியில் ஒன்று, கிரீட்டில் ஒன்று, கோர்ஃபூவில் ஒன்று, லெபனானில் ஒன்று என்று காதலும் மர்மமும் சரிபாதி கலந்த கதைகளை எழுதினார். ‘காதிக் ரொமான்ஸ்’ என்று முத்திரை குத்திப் பின்வரிசையில் வைத்துவிட்டார்கள். நியாயமில்லை. ‘மை பிரதர் மைக்கேல்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகி ஏதென்ஸில் காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். தவறுதலாக வேறு யாருக்கோ சேர வேண்டிய கார் சாவி அவள் கைக்கு வருகிறது. காரை ஓட்டிக்கொண்டு டெல்ஃபிக்குப் போகிறாள். வேடிக்கையான தொடக்கம். ஆனால் அந்த மலையில் காத்திருப்பது, ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது செத்துப்போன ஒரு ஆங்கிலேய அதிகாரியின் கதை, குகையில் மறைத்த தங்கம், கிரேக்க உள்நாட்டுப் போர் விட்டுப்போன பகை. சண்டை 1949இல்தான் ஓய்ந்திருந்தது. அவருடைய கதைகளில் ஆபத்து அந்த மண்ணிலிருந்தே எழுந்து வருகிறது. இடதுசாரிப் போராளிகளை வில்லன்களாக்கியதில் ஆங்கிலேயப் பார்வை அப்பட்டமாகத் தெரிகிறது, மறுக்கவில்லை. என்றாலும் அங்கே ஒரு தேசம் இருக்கிறது, வெறும் நீலத் திரைச்சீலை அல்ல.

1962இல் வந்த ‘தி மூன்-ஸ்பின்னர்ஸ்’ கிரீட்டில் நடக்கிறது. நிக்கோலா ஃபெரிஸ் என்ற 22 வயதுப் பெண். ஏதென்ஸில் பிரிட்டிஷ் தூதரகத்தில் வேலை. விடுமுறைக்கு ஒரு மலையடிக் கிராமத்துக்குத் தனியே போகிறாள். மேலே ஆடு மேய்ப்பவர் குடிசையில் துப்பாக்கிக் குண்டு பட்ட ஒரு ஆங்கிலேயன் கிடக்கிறான். ஊரில் ஹோட்டல் என்று ஒன்று இப்போதுதான் தயாராகிக்கொண்டிருக்கிறது. லண்டனில் சம்பாதித்துத் திரும்பிய ஸ்ட்ராடோஸ் அதன் முதலாளி; முதல் விருந்தாளிகள் நிக்கோலாவும் பின்னால் வந்து சேரும் அவளுடைய உறவுக்காரப் பெண்ணும். எனக்கு இந்த நாவலில் சுவாரசியமானவன் ஸ்ட்ராடோஸ்தான். கையில் திருட்டு நகை, நெஞ்சில் கொலை. ஆனால் இந்தக் கரையில் ஹோட்டல் கட்டினால் பணம் கொட்டும் என்று முதலில் கண்டுகொண்டவன் அவன். அதில் அவன் கணக்கு தப்பவில்லை.

டிஸ்னி நிறுவனம் அந்தக் கதையை 1964இல் படமாக்கியது. எடுத்த இடம் கிரீட்டின் கிழக்குப் பக்கத்தில் எலுண்டா என்ற மீனவர் ஊர். எதிரே கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஸ்பினலோங்கா என்ற சிறு தீவு. 1903 முதல் 1957 வரை தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த இடம். படப்பிடிப்புக் குழு வந்தபோது தீவு காலியாகி ஆறேழு வருஷம்தான் ஆகியிருக்கும். நாயகியாக நடித்த ஹெய்லி மில்ஸ் ஓடியாடிய அந்தக் கரைக்கு எதிரில், ஓடு சரிந்த வீடுகள் நின்றன. பொழுதுபோக்குப் படத்துக்கு அது தேவைப்படவில்லை. 1977இல் பிபிசி அதே எலுண்டாவில் ‘ஹூ பேஸ் தி ஃபெரிமேன்?’ என்ற தொடரை எடுத்தது. பிரிட்டிஷ்காரர்கள் ஊர்ப் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஹோட்டல்கள் எழுந்தன. இன்று கிரீட்டிலேயே விலை கூடிய தங்குமிடங்கள் இருக்கும் ஊர் அது.

பிறகு 2005இல் விக்டோரியா ஹிஸ்லப் ‘தி ஐலண்ட்’ எழுதினார். விடுமுறைக்குக் கிரீட் போனவர், படகேறி ஸ்பினலோங்காவைப் பார்த்துவிட்டு வந்து எழுதிய நாவல். இவர் கேமராவைத் தீவுப் பக்கம் திருப்பினார்: நோய் கண்ட ஆசிரியை எதிர்க்கரையில் குடும்பத்தை விட்டுவிட்டுப் படகில் போகிறாள். பல லட்சம் பிரதிகள் விற்றது. 2010இல் கிரேக்கத் தொலைக்காட்சியே அதைத் தொடராக எடுத்தது. கிரேக்க அரசு 2020இல் ஹிஸ்லப்புக்குக் கௌரவக் குடியுரிமை தந்தது. அந்நியர் எழுதிய கடற்கரைக் கதையை அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கதையாக எடுத்துக்கொண்டது அபூர்வம். இந்த நாவலுக்கு அது நடந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. ஸ்டூவர்ட்டின் கிராமத்தின் பெயர் அயியோஸ் யோர்யோஸ். கிரேக்கத்தில் அந்தப் பெயரில் எத்தனையோ ஊர்கள். வாசகர் எதைத் தேடிப் போவார்? ஹிஸ்லப்பின் தீவுக்கோ எதிர்க்கரையில் இருக்கும் பிளாக்காவிலிருந்தும் எலுண்டாவிலிருந்தும் கோடை முழுக்கப் படகு. ஊர் விலாசத்தோடு கதை எழுதும் காலம் வந்துவிட்டது.

அறுபதுகளின் தொடக்கத்தில் கிரேக்கத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் வெளிநாட்டவர் வந்துகொண்டிருந்தார்கள். 2024இல் மூன்றரைக் கோடிக்கும் மேல். நாட்டின் மக்கள்தொகை ஒரு கோடியைக் கொஞ்சம் தாண்டும்.

காதல் நாவல் பக்கம் வந்தால் கதை வேறு மாதிரி. மில்ஸ் அண்டு பூன் பதிப்பகத்தின் எழுத்தாளர் வயலெட் வின்ஸ்பியர், தென்கிழக்கு இங்கிலாந்தை விட்டு நகர்ந்ததே இல்லை என்பார்கள். கிரேக்கத் தீவானாலும் அரேபியப் பாலைவனமானாலும் உள்ளூர் நூலகத்திலேயே உட்கார்ந்து தேடி எடுத்தார். வாசகியும் போனதில்லை, எழுதியவரும் போனதில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு கடல் இருந்தது. 1968 அக்டோபரில் கப்பல் அதிபர் அரிஸ்டாட்டில் ஒனாசிஸ் தன் சொந்தத் தீவான ஸ்கோர்பியோஸில் ஜாக்குலின் கென்னடியை மணந்தார். அதன் பிறகு கிரேக்கக் கோடீஸ்வரன் இல்லாமல் மில்ஸ் அண்டு பூன் பட்டியல் ஓடவில்லை. நம் ஊர் லெண்டிங் லைப்ரரிகளுக்கும் அவர்கள் கட்டுக்கட்டாக வந்து சேர்ந்தார்கள். பாடப்புத்தகத்துக்குள் ஒளிந்து, செய்தித்தாள் அட்டை போட்டுக்கொண்டு, மகளிர் விடுதிகளில் கைமாறிக் கைமாறி முதுகு கிழிந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிரேக்கம் கடனில் மூழ்கிப் பொருளாதாரத்தில் ஏறக்குறைய கால் பங்கு கரைந்தபோதும் நாவலின் கிரேக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே படகு, அதே கோபம், அதே சொந்தத் தீவு. நிஜ ஸ்கோர்பியோஸ் 2013இல் ஒரு ரஷ்யக் கோடீஸ்வரக் குடும்பத்தின் கைக்குப் போய்விட்டது. அந்தச் செய்தி மட்டும் நாவலுக்குள் நுழையவில்லை.

அந்தக் கரைகளின் நிஜத்தை எழுத ஆள் இல்லாமல் போகவில்லை. அவர்கள் வேறு அலமாரியில் இருந்தார்கள். ஏதென்ஸின் பெட்ரோஸ் மார்க்காரிஸ், மார்செய்யின் ழான்-குளோட் இஸோ, பார்சிலோனாவின் மனுவேல் வாஸ்கெஸ் மொண்டல்பான், சிசிலியின் ஆண்ட்ரியா கமிலேரி. அதே கடல், அதே வெயில், அதே மீன் சாப்பாடு. ஆனால் இவர்களுடைய துப்பறிவாளர்கள் அந்த ஊரில் வரி கட்டுகிறவர்கள். மார்க்காரிஸின் இன்ஸ்பெக்டர் ஹாரிட்டோஸுக்குச் சம்பளம் வெட்டப்படுகிறது. இஸோவின் மார்செய்யில் குடியேறிகளின் அடுக்குமாடிகளும் வேலையில்லாத பையன்களும். கவர்ச்சிக் கடற்கரை என்பது வந்து போகிறவர்களின் பிரச்சினை, எங்களுக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்வது போன்ற எழுத்து.

அவர்களையும் சுற்றுலா விட்டுவைக்கவில்லை. கமிலேரி தன் போலீஸ் அதிகாரி மொண்டல்பானோவின் கதைகளுக்கு விகாட்டா என்று ஒரு ஊரைக் கற்பனையில் கட்டினார். மாதிரி, அவர் பிறந்த போர்ட்டோ எம்பெடோக்லே. 2003இல் அந்த நிஜ ஊர் தன் பெயரோடு விகாட்டாவையும் சேர்த்துக்கொண்டது. சில வருஷம் கழித்து நீக்கியும் விட்டது. தொலைக்காட்சித் தொடரில் மொண்டல்பானோவின் வீடாக வந்த புந்தா செக்காவின் கடலோர வீடு, இப்போது காலைச் சாப்பாட்டோடு அறை கிடைக்கும் விடுதி. பிணங்களைத் துரத்தி அலைந்தவரின் மாடியில் தேனிலவுக்காரர்கள் காப்பி குடிக்கிறார்கள்.

இன்று நன்றாக விற்கும் மர்மக் கதைக்கு வருவோம். மேரி ஸ்டூவர்ட் காலத்தில் ஆபத்து உள்ளூரில் காத்திருந்தது. இப்போது அது பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறது: பணக்கார நண்பர்கள், கோடீஸ்வரன் அழைப்பு, நாலு நாள் விருந்து, ஒரு பிணம். உள்ளூர்க்காரர் பெரும்பாலும் படகோட்டியாகவோ சமையற்காரராகவோ ஓரமாக நிற்பார். இதற்கு முன்னோடி யாரென்றால் பட்ரீஷியா ஹைஸ்மித். 1955இல் வந்த ‘தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி’யில் அமெரிக்கன் அமெரிக்கனைக் கொல்கிறான், இத்தாலிக்கு அதில் பங்கில்லை. அன்று அது விதிவிலக்கு, இன்று அதுவே வாய்ப்பாடு. 2024இல் நெட்ஃபிளிக்ஸ் அந்தக் கதையை அமல்ஃபி கரையின் அத்ரானியில் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. அந்த நீலத்தை அகற்றிய பிறகுதான் விளம்பர அட்டையாக இல்லாமல் இத்தாலி கண்ணுக்குத் தெரிந்தது.

கூட்டத்தைத் துரத்தும் வித்தைகளைப் பாருங்கள். அலெக்ஸ் மைக்கேலிடிஸின் ‘தி ஃப்யூரி’ 2024இல் வந்தது. முன்னாள் நடிகை தன் சொந்தக் கிரேக்கத் தீவுக்கு நண்பர்களை அழைக்கிறாள். காற்று எழுந்து படகு எதுவும் வர முடியாமல் தீவை அடைத்துவிடுகிறது. ‘கிளாஸ் ஆனியன்’ படத்தில் சொந்தத் தீவோடு பெருந்தொற்று ஊரடங்கும் சேர்ந்துகொள்கிறது. அதன் காட்சிகள் எடுக்கப்பட்ட ஸ்பெட்ஸஸ் தீவு, ஜான் ஃபௌல்ஸ் ஐம்பதுகளின் தொடக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த இடம். ‘தி மேகஸ்’ நாவலின் தீவுக்கு மூலம் அதுதான். அவருடைய தனிமைக்கு எந்த ஏற்பாடும் வேண்டியிருக்கவில்லை, குளிர்காலம் வந்தால் போதும். இன்றைய நாவலாசிரியர் காற்றை வரவழைக்க வேண்டும், கப்பலை நிறுத்த வேண்டும், எல்லார் கைப்பேசியையும் பிடுங்கிக் கூடையில் போட வேண்டும். குடிசையில் குண்டடிபட்டுக் கிடந்தவன் கையில் ஒரு வாட்ஸ்அப் இருந்திருந்தால் ‘தி மூன்-ஸ்பின்னர்ஸ்’ இரண்டாம் அத்தியாயத்தில் முடிந்திருக்கும்.

காதல் கதையில் துரத்தல் இன்னும் நாசூக்காக நடக்கிறது. மணமுறிவுக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு கிரேக்கத் தீவில் சின்னச் சாப்பாட்டுக் கடை எடுக்கும் ஆங்கிலேயப் பெண், இப்போது பழகிப்போன நாயகி. கடை நன்றாக நடக்கும், ஆனால் தெருவில் கூட்டம் இருக்காது. கூட்டமில்லாமல் கடை எப்படி நடக்கிறது என்று கேட்பது ரசனைக் குறைவு. விசாவைப் பற்றியும் கேட்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்த பிறகு, 2021 முதல் பிரிட்டிஷ்காரருக்கு விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள்தான் அனுமதி. ஆலிவ் தோப்பு வைத்திருக்கும் அந்த மௌனமான ஆள் மூன்று மாதத்துக்குள் மனசு திறந்தாக வேண்டும். வெயிலும் பழைய வெயில் இல்லை. 2023 ஜூலையில் ரோட்ஸ் தீவில் காடு பற்றி எரிந்து சுமார் 19,000 பேரை வெளியேற்றினார்கள். ஏதென்ஸில் அக்ரோபோலிஸை நண்பகலில் மூடினார்கள். நாவல்களில் இன்னும் எல்லாரும் மதியம் கடலோரத்தில் ஒயின் குடிக்கிறார்கள்.

சரிதான், நாவல் என்ன வானிலை அறிக்கையா என்று கேட்பீர்கள். இல்லைதான். நானும் விமானத்துக்குக் காத்திருக்கும்போது அதைத்தான் வாங்குகிறேன். படிக்கும் வரை நன்றாகத்தான் இருக்கிறது.

கூட்டத்தைக் கதைக்குள்ளேயே விட்ட ஒருவரைச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பெண்மணி டோனா லியோன், வெனிஸில் கமிஸாரியோ புருனெட்டியை வைத்து 1992 முதல் எழுதி வருகிறார். முதல் கதையில் லா ஃபெனிச்சே இசை அரங்கில் ஒரு இசைக்குழு நடத்துநர் செத்துக் கிடந்தார். பிந்தைய கதைகளில் ஊரே கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது: முகமூடிக் கடைகளாக மாறும் தச்சுப் பட்டறைகள், கால்வாய்க்குள் நுழையும் ராட்சதக் கப்பல்கள், காலியாகும் வீடுகள். புருனெட்டி வேலைக்கு நடந்து போகும்போது பயணிகளை விலக்கிக்கொண்டு போகிறார், சலித்துக்கொள்கிறார். ராட்சதக் கப்பல்களை 2021 ஆகஸ்டில் கால்வாயிலிருந்து விலக்கினார்கள். 2022இல் பழைய நகரின் குடிமக்கள் 50,000க்குக் கீழே இறங்கினார்கள். 2024 ஏப்ரலில், கூட்ட நாட்களில் வந்து மாலையில் திரும்புகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள்.

தன் நாவல்களை இத்தாலிய மொழியில் வெளியிட லியோன் சம்மதித்ததில்லை. அக்கம்பக்கத்தில் அடையாளம் தெரியாமல் நடமாட வேண்டும் என்பது காரணம். மற்ற மொழி வாசகர்களுக்கு அந்தத் தடை இல்லை. ‘புருனெட்டிஸ் வெனிஸ்’ என்று வழிகாட்டிப் புத்தகமே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பாலம் பாலமாக, புருனெட்டி மது அருந்தும் இடம், அவர் வீட்டு மாடி என்று தேடிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் குடியிருந்த ஊரில் கூட்டம் தாங்கவில்லை என்று லியோன் ஸ்விட்சர்லாந்துக்குக் குடிபோய்விட்டார். அவ்வப்போது வெனிஸ் வந்து போகிறார். புருனெட்டி மட்டும் அங்கேயே இருக்கிறார்.